ஒரே பெயரில் நான்கு தோள்கள்

அயர்லாந்தின் டெரிவோர் கிராமத்தில் ஃபெஸ்டி மக்நல்டிக்கு இரண்டு தொழில். செப்டம்பர் முதல் மே வரை பதினொரு மாடுகளையும் நாற்பது ஆடுகளையும் மேய்ப்பது ஒன்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அமெரிக்கர்களை அழவைப்பது இன்னொன்று. இரண்டாவதில்தான் அவர் கை தேர்ந்தவர்.

அமெரிக்கர்கள் முதலில் தபால் அலுவலகத்தில் வந்து நிற்பார்கள். மழைக்கோட்டு சலசலக்க, "எங்க குடும்பப் பேர் மக்நல்டி. கொள்ளுத்தாத்தா இந்த ஊர்லேர்ந்துதான் கப்பல் ஏறினாராம்" என்பார்கள். தபால்காரி தலையைத் தூக்காமலே சாலையின் கடைசி வீட்டைக் காட்டுவாள். ஊரில் மிச்சமிருந்த மக்நல்டிகள் இரண்டே பேர். எழுபத்து நான்கு வயது ஃபெஸ்டியும், அவரைவிட நான்கு வயது மூத்த அக்கா அட்ராக்டாவும். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வந்தவர்களுக்கு அட்ராக்டா தேநீர் போட்டு, ரொட்டி அறுத்து வைப்பாள். ஃபெஸ்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெயரின் கதையை ஆரம்பிப்பார்.

கதை நன்றாகத்தான் இருக்கும். முந்நூற்று ஐம்பது வருடங்களுக்கு முன்னால், வடக்கே டோனகல் மலைகளில் போரில் தோற்று நிலத்தை இழந்த ஒரு கூட்டம், மிஞ்சிய மாடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே மேயோ கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. டெரிவோர்க்காரர்கள் சுவரில் சாய்ந்தபடி வேடிக்கை பார்த்தார்கள். "யாரு இவனுங்க?" "வடக்கத்தியானுங்க." அவ்வளவுதான் விசாரணை. வடக்கத்தியானுக்குப் பிறந்தவன் வடக்கத்தியான் மகன். ஐரிஷ் மொழியில் மக்நல்டி என்றால் அதுதான் அர்த்தம். வடக்கில் இருந்தவரை அவர்களை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அங்கே எல்லாருமே வடக்கத்தியான்கள்தானே. அதற்கு முன் அவர்களுக்கு என்ன பெயர் இருந்தது என்பது ஃபெஸ்டிக்குத் தெரியாது. கேட்பவர்களிடம் ராஜ வம்சம் என்று சொல்லிவிடுவார்.

"ராஜ வம்சம்னா டீ போட ஆள் வெச்சிருக்க மாட்டோமா?" என்பாள் அட்ராக்டா, அடுப்புப் பக்கமிருந்து.

பிறகு பெயர் கிளம்பிப் போன கதை. பஞ்ச காலத்தில் பாதிப் பேர் ஓஹையோவிலுள்ள கிளீவ்லாந்துக்கு ஆலை வேலைக்குப் போனார்கள். மீதியில் பாதி ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு பறிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஃபெஸ்டியின் ஒரே தம்பி ஆஸ்டின் இங்கிலாந்தின் லீட்ஸில் சாலைக்குப் பள்ளம் தோண்டி, மூன்று பெண்களைப் பெற்று, மூவரையும் மூன்று வேறு பெயர்களுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு இறந்துபோனார். கிளீவ்லாந்து டெலிபோன் புத்தகத்தில் மக்நல்டிகள் பக்கம் பக்கமாக இருக்கிறார்களாம். இங்கே ஒரே ஒரு வரி.

கதை முடிந்ததும் எல்லா அமெரிக்கர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "வீடு எங்க இருந்துச்சு?"

இதில்தான் சிக்கல். பழைய மக்நல்டி வீட்டை ஃபெஸ்டியின் தாத்தாவே இடித்து, அந்தக் கல்லை வைத்துப் பன்றிக் கொட்டகை கட்டிவிட்டார். நாலாயிரம் மைல் பறந்து வந்த மனிதரைப் பன்றிக் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தி, "இதோ உங்க பூர்வீகம்" என்று சொல்ல எவனுக்கு மனசு வரும்? ஆகவே ஃபெஸ்டி அவர்களைப் பக்கத்து நிலத்துக்குக் கூட்டிப்போவார். அங்கே கடலைப் பார்த்தபடி, கூரை போய், சுவரில் பாசி படர்ந்து, ஒற்றை ஜன்னலோடு ஒரு இடிபாடு நின்றது. பார்த்த மாத்திரத்தில் அழத் தோன்றும். அழுதுவிட்டு ஆளுக்கொரு கல் எடுத்துக்கொண்டு போவார்கள். முப்பது வருடத்தில் ஒரு பக்கச் சுவர் பாதி கிளீவ்லாந்து போய்விட்டது.

அது பேட்ஜோ காகனின் கன்றுக்குட்டிக் கொட்டகை.

இது ஊருக்கே தெரியும். ஊரில் பாதிப் பேர் காகன்கள். ஃபெஸ்டியும் பேட்ஜோவும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, அறுபது வருடமாக ஒரே சண்டை. நீரியின் மதுக்கடையில் ஃபெஸ்டி நுழைந்ததும் பேட்ஜோ கோப்பையைக் கீழே வைப்பார்.

"வாடா வந்தேறி. எங்க கன்னுக்குட்டிக் கொட்டாய்ல இன்னிக்கு எத்தனை பேர் அழுதாங்க?"

"மூணு பேர். உனக்கு யாரும் அழப்போறதில்லன்னு பொறாமை."

"எனக்கு அழ நாப்பது காகன் இருக்கான்டா. உனக்குத்தான் இறக்குமதி பண்ண வேண்டியிருக்கு."

ஒரு ஜூலை மாதம் வியாழக்கிழமை காலை, கோழிகளுக்குத் தீனி வைக்கப் போன அட்ராக்டா கிண்ணத்தோடு சரிந்தாள். ஃபெஸ்டி ஓடிப்போய்த் தூக்கியபோது மூச்சு இல்லை. அவளை உள்ளே கொண்டுவந்து கிடத்தி, சாவு வீட்டு வழக்கப்படி கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அழுகை வரவில்லை. கணக்குதான் வந்தது. ஒன்று, அதற்கு மேல் எண்ண ஆளில்லை.

டெரிவோரில் யார் இறந்தாலும், வீட்டு வாசலிலிருந்து சாலை வரைக்கும் பெட்டியை முதலில் தூக்குவது நான்கு ஆண்கள். நான்கு பேரும் இறந்தவரின் குடும்பப் பெயர் உள்ளவர்களாக இருக்க வேண்டும். சாலையை எட்டியதும் ஊரார் தோள் மாற்றிக்கொள்வார்கள். பெயர்க்காரர்கள் போதாத வீடு அண்டை வீட்டில் போய்த் தோள் கேட்கும். அதில் யாருக்கும் வெட்கமில்லை. காய்ச்சல் வந்து ஊரைத் துடைத்த வருடத்தில் காகன்களே கேட்டிருக்கிறார்கள், அதுவும் மக்நல்டிகளிடம்.

மக்நல்டிகள் மட்டும் யாரிடமும் கேட்டதில்லை. சாலையில் தோள் மாற்றியதும் இல்லை. வாசலிலிருந்து குழிவரை அவர்களே சுமப்பார்கள். ஃபெஸ்டியின் அப்பா இறந்தபோது, நான்காவது தோளாக லீட்ஸிலிருந்து ஆஸ்டின் வந்து சேரும்வரை பெட்டி கூடுதலாக இரண்டு நாள் வீட்டில் காத்திருந்தது. 'வந்தேறி' என்று ஊர் சொல்லட்டும், சாவில் ஊரிடம் கை நீட்டாத வந்தேறி என்றும் சேர்த்துச் சொல்லட்டும் என்பது அந்த வீட்டின் வைராக்கியம். இப்போது அது ஒரே ஒரு கிழவனின் தலையில் வந்து விடிந்திருந்தது.

மதியத்துக்குள் பேட்ஜோ வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அட்ராக்டாவின் காலடியில் முழங்காலிட்டு ஜெபம் சொல்லிவிட்டு எழுந்தார்.

"ஃபெஸ்டி, எங்க வீட்ல ஆம்பளைங்க இருக்காங்க. நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"வேண்டியிருக்காது."

"உனக்கு யாருடா இருக்கா?"

"இருக்காங்க."

"எங்க?"

"வருவாங்க."

பேட்ஜோ தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவர் கண்ணிலிருந்து மறைந்ததும் ஃபெஸ்டி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆறு மைல் தள்ளியிருந்த விருந்தினர் விடுதிக்கு மிதித்தார். செவ்வாய்க்கிழமைதான் அங்கிருந்து ஒரு டுவேன் மக்நல்டி வந்து, கன்றுக்குட்டிக் கொட்டகையில் முறைப்படி அழுதுவிட்டுப் போயிருந்தார். கிளீவ்லாந்தில் பள்ளி விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே இரண்டு வாட்டசாட்டமான மகன்கள். அவர்களோடு தானும் சேர்ந்தால் நான்கு. ஃபெஸ்டி சைக்கிள் மிதித்த வழியெல்லாம் அதையே திரும்பத் திரும்பக் கூட்டிப்பார்த்தார். ஒவ்வொரு முறையும் நான்குதான் வந்தது.

விஷயத்தைக் கேட்டதும் டுவேனுக்குக் கண் கலங்கிவிட்டது. "கசின் ஃபெஸ்டி, எங்களையா கேக்கறீங்க? இது எவ்ளோ பெரிய கௌரவம்!"

"பேருன்னு ஒண்ணு இருக்கில்ல," என்றார் ஃபெஸ்டி.

"வெயிட் எவ்ளோ இருக்கும்?" என்று மூத்த மகன் கேட்டான். டுவேன் அவனை முறைத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் வீடு நிறைந்துவிட்டது. அட்ராக்டா ஜன்னலோரம் பெட்டிக்குள் ஜெபமாலையோடு கிடந்தாள். ஊர்ப் பெண்கள் ஹாம் சாண்ட்விச்சும் பழக் கேக்கும் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தார்கள். மதுக்கடையோடு ஊரின் சாவுக் காரியங்களையும் கவனித்துக்கொள்ளும் நீரி வந்து, ஃபெஸ்டியையும் மூன்று அமெரிக்கர்களையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். மூவரும் ஆறடிக்கு மேல். ஃபெஸ்டிக்கு ஐந்தடி நான்கு அங்குலம்.

"உன் பக்கம் பெட்டி சரிஞ்சு அட்ராக்டா உன் தலைமேல வருவா. தோள்ல ஒரு துண்டை மடிச்சு வெச்சுக்க. ரெண்டா வேணாம், நாலா மடி," என்றார் நீரி.

ஃபெஸ்டி அதற்கும் தலையாட்டினார். நாலாக மடித்த துண்டானாலும் மக்நல்டி துண்டு. எல்லாம் கூடிவருவதுபோல இருந்த நேரத்தில்தான் டுவேன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

தேநீர்க் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு மேசைமேல் விரித்தார். டப்ளின் நூலகத்தில் எடுத்த நகல். நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தைய நில வரைபடம், மனை எண், குடியிருந்தவர் பெயர் எல்லாம் இருந்தது. டுவேன் கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை, ஊரே கூடியிருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்றுதான் எடுத்தார். வெள்ளை மனசுக்காரர்களால் நேர்கிற ஆபத்து எப்போதும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே வரும்.

"ஒரு சந்தேகம்," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "நம்ம பூர்வீக வீடு இருக்கே, கடலைப் பாத்த மாதிரி, அது இதுல பத்தொம்பதாம் நம்பர். ஆனா பத்தொம்பதுக்கு நேரா காகன்னு போட்டிருக்கு. இங்க காகன் யாராவது இருக்கீங்களா?"

இருபத்து மூன்று காகன்கள் இருந்தார்கள். சாண்ட்விச்சைக் கடித்தவர் கடித்தபடியே நின்றார். ஒரு கிழவி வேளை வருவதற்கு முன்பே ஜெபமாலையை ஆரம்பித்துவிட்டு, யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்தினாள். ஃபெஸ்டியின் முகத்தில் ஈயாடவில்லை. செத்த அக்காவுக்கு முன்னால், ஊருக்கு முன்னால், தன் முப்பது வருடப் பொய் மேசைமேல் விரித்துக் கிடப்பதைப் பார்த்தார். பொய் உடைந்தால் நாளைக் காலை இந்த மூவரும் விமானத்தில் இருப்பார்கள். அக்கா காகன்களின் தோளில் போவாள். மடித்த துண்டோடு தான் மட்டும் ஓரமாக நடக்க வேண்டும்.

எல்லார் கண்ணும் பேட்ஜோ பக்கம் திரும்பியது. வாழ்நாள் முழுக்க அவர் காத்திருந்த தருணம் தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது.

பேட்ஜோ மேசைக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார். நிதானமாக ஒரு வாய் தேநீர் குடித்தார்.

"மைக்கேல் காகன். எங்க கொள்ளுத்தாத்தா. அவரு பின்னால வாங்கினது சார் அது. அதுக்கு முன்னாடி இவங்க வீடுதான்."

"நிச்சயமா?"

"என்ன அப்படிக் கேட்டுட்டீங்க? வாசப்படி எங்க இருந்துச்சு, அடுப்பு எங்க இருந்துச்சுன்னு எங்கப்பா எனக்குக் கையைப் புடிச்சிக் காட்டியிருக்காரு. ஒரு தாழ்வாரம் வேற இருந்துச்சாம். நாங்க அதுல கன்னுக்குட்டி கட்டறதே பாவம்னு எங்கம்மா சொல்லுவா."

அந்த ஊரில் ஒருவன் பல்லைப் பிடுங்கிக் கொடு என்றாலும் கொடுப்பான். ஒரு முழ நிலம் ஒரு காலத்தில் இன்னொருவனுடையதாக இருந்தது என்று சாட்சிகள் முன்னால் சொல்ல மாட்டான். ஐம்பது சாட்சிகள் முன்னால் சொல்லிவிட்டு பேட்ஜோ கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். டுவேன் அவரைக் கட்டிப்பிடித்தார். பேட்ஜோவை அதற்கு முன் ஓர் ஆண்பிள்ளை கட்டிப்பிடித்ததில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மரமாக நின்றார்.

ஃபெஸ்டிக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே ஒரு எரிச்சலும் வந்தது. முப்பது வருடமாகச் சொல்லும் பொய், தன் வாயில் ஒருநாளும் இவ்வளவு அழகாக வந்ததில்லை. தாழ்வாரம் தனக்குத் தோன்றவே இல்லையே.

சனிக்கிழமை காலை தூறல் போட்டது. நீரி கையைத் தூக்க, நான்கு மக்நல்டிகளும் அட்ராக்டாவைத் தோளில் ஏற்றினார்கள். முன்பக்கம் டுவேனும் ஃபெஸ்டியும், பின்னால் மகன்கள். நாலு மடிப்புத் துண்டும் போதவில்லை. ஆனாலும் பெட்டி வாசலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, சாலையை எட்டிவிட்டது. அங்கே இரண்டு பக்கமும் ஊரார் தயாராக நின்றார்கள். நீரி ஃபெஸ்டியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"மாத்தலாமா?"

"வேணாம். போகலாம்."

சர்ச்சும் கல்லறையும் அங்கிருந்து அரை மைல், மேட்டுப் பாதை. கால்வாசி தூரத்தில் ஃபெஸ்டியின் அடி குறுகத் தொடங்கியது. பேட்ஜோ அவர் பக்கத்திலேயே, எட்டி வைக்காமல் பின்தங்காமல், அடிக்கு அடி நடந்துவந்தார். கூட்டத்தின் ஜெப முணுமுணுப்பில் இருவர் பேச்சும் யாருக்கும் கேட்கவில்லை.

"ஏண்டா அப்படிச் சொன்ன?" என்று கேட்டார் ஃபெஸ்டி. மூச்சு வாங்கியது.

"எப்படி?"

"எங்க வீடுன்னு."

"நான் உள்ளதைச் சொல்லியிருந்தா அந்த ஆளு காரை எடுத்துக்கிட்டுப் போயிருப்பான். போயிருந்தா, நீ எங்ககிட்ட வந்து கேட்டிருப்பியா?"

ஃபெஸ்டி தோளிலிருந்த துண்டை இழுத்துச் சரிசெய்தார்.

"கேட்டிருக்க மாட்ட. எந்த ஊர்லயாவது ஒரு மக்நல்டி மாட்டுவானான்னு டெலிபோன் புத்தகத்தைப் புரட்டிக்கிட்டு உக்காந்திருப்ப. அதுவரைக்கும் அட்ராக்டா ஜன்னலோரம் கெடந்திருப்பா. உங்கப்பன் கெடந்த மாதிரி. அவளுக்காகச் சொன்னேன், உனக்காக இல்ல."

"வந்தேறின்னு சொன்னவங்க நீங்கதானடா. உங்கிட்ட வந்து எப்படிக் கேக்கறது?"

"சொன்னோம். எங்கப்பன் சொன்னான், நானும் சொன்னேன். வாய் சும்மா இருக்காம சொன்னதுதான். ஆனா வந்தேறியாவே இருந்தது யாரு? எத்தனை சாவு விழுந்திருக்கு உங்க வீட்ல? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எங்க தோளைக் கேட்டிருக்கீங்களா? ஊர்க்காரன் கேப்பான்டா ஃபெஸ்டி. விருந்தாளிதான் கேக்க மாட்டான்."

சொல்லிவிட்டு பேட்ஜோ விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைப் பிடித்துக்கொண்டார். ஃபெஸ்டி இன்னும் ஒரு இருபது அடி நடந்தார். மேடு இனிமேல்தான் செங்குத்தாக ஏறியது.

"நீரி, நிறுத்து," என்றார்.

ஊர்வலம் நின்றது. ஜெபமும் நின்றது.

"பேட்ஜோ," என்றார் ஃபெஸ்டி. குரல் அவருக்கே கேட்காததுபோல இருந்தது. இரண்டாவது முறை கொஞ்சம் உரக்கச் சொன்னார். "பேட்ஜோ, அக்காவைத் தூக்கணும். தோள் குடு."

பேட்ஜோ கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, குனிந்து, பெட்டிக்கடியில் புகுந்தார். ஃபெஸ்டி நழுவி வெளியே வந்தார். பின்னாலிருந்த இரண்டு பையன்களின் இடத்துக்கு இரண்டு காகன்கள் வந்தார்கள். மகன்கள் சந்தோஷமாகவே விட்டுக்கொடுத்தார்கள். டுவேன்தான் அசையவில்லை. வியர்த்து, முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"கசின், என்ன இது? மக்நல்டிங்க தோள் மாத்தறதே இல்லைன்னு நீங்கதானே நேத்து சொன்னீங்க? கடைசிவரைக்கும் நாமளே சுமக்கணும்னு?"

"சொன்னேன்."

"அது நம்ம குடும்பப் பெருமை இல்லையா?"

"பெருமைதான்," என்றார் ஃபெஸ்டி. "நீ அதைக் கிளீவ்லாந்துக்குக் கொண்டுபோ. இங்க வேணாம். இப்ப நகரு."

டுவேன் நகர்ந்தார். நகர்ந்த இடத்தில் நீரியே தோள் கொடுத்தார். ஊர்வலம் மறுபடி கிளம்பியது. அதற்குப் பிறகு பத்தடிக்கொருமுறை யாரோ ஒருவர் முன்னால் வந்து, யாரோ ஒருவர் விலகினார். காகன்கள், நீரிகள், தபால்காரியின் புருஷன், மீன்பிடிப் படகுக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அந்த ஊரில் அது அப்படித்தான் நடக்கும், மக்நல்டி வீட்டைத் தவிர மற்ற எல்லாச் சாவிலும் ஃபெஸ்டியே அப்படி எத்தனையோ முறை முன்னால் போய்த் தூக்கியிருக்கிறார்.

அவர் பெட்டிக்குப் பின்னால் நடந்தார். தோளில் பாரமில்லை, கையில் ஒன்றுமில்லை. எண்ண வேண்டிய ஆள் இல்லை, மறைக்க வேண்டிய காகிதம் இல்லை. வியாழக்கிழமை காலையிலிருந்து முதல்முறையாகச் செய்ய எந்த வேலையும் இல்லாமல் போனபோதுதான், அக்கா செத்துப்போனாள் என்பது ஃபெஸ்டிக்கு உறைத்தது. நடு ரோட்டில் நின்று வாய்விட்டு அழுதார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அவர் அழுது முடிக்கும்வரை மழையில் காத்திருந்தார்கள்.